சீர் வண்டியில் வந்த மாமன்

நீங்க போங்க சார் மொதல்ல. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. பாப்பா, இந்த சாருக்கு இன்னிக்குத்தான் மொத நாளு போல, இவர ஏத்தி விடு, நான் அப்பறமா வாரேன். என்னது, மெசினுல ஆளு இருக்கா? சரி சரி. அப்ப உக்காருங்க சார். அந்தச் சேரு வேணாம், அதுல ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க.

ஒங்களுக்கு ஹார்ட்டு பம்பிங் எம்புட்டு? முப்பத்தஞ்சா? அப்ப எனக்கு மேல சார் நீங்க. எனக்கு முப்பது. ஏன் கையி இப்படிச் சில்லுனு இருக்கு ஒங்களுக்கு? இந்த ஆஸ்பத்திரியில ஒண்ணும் பண்ண மாட்டாங்க. விரல்ல கிளிப்பு மாட்டுவாங்க, பிரசர் பாப்பாங்க, அந்த மெசினு பெல்ட்டு மேல ஏத்தி பைய நடக்க விடுவாங்க. மூச்சு வாங்குனா சொல்லணும். அம்புட்டுத்தான். நான் பயந்துக்கிட்டு இப்படி ஓரமா உக்காந்திருக்கேன்னு நெனச்சிறாதீங்க. எனக்குப் பயமெல்லாம் கெடையாது. நான் கவனமா இருக்கேன். அது வேற, இது வேற.

எம் பேரு சோணைமுத்து. உசிலம்பட்டியில மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். கெணத்து மோட்டார், போர் மோட்டார், சுத்துப்பட்டுல எது எரிஞ்சாலும் எங்கிட்டதான் வரும். பெரிய பெரிய மோட்டாரத் தோள்ல தூக்கிக்கிட்டு கெணத்துப் படியில ஏறி வந்தவன் சார் நான். பெருமைக்குச் சொல்லல. ஓடுற சாமானப் பத்தி எனக்குத் தெரியும்னு சொல்றேன். காயிலு வீக்கான மோட்டார வச்சிக்கிட்டு மேட்டுக்காட்டுக்குத் தண்ணி ஏத்துவாங்களா? ஏத்துனா பொகைஞ்சு போகும். பள்ளத்துப் பக்கம் பாய்ச்சிட்டு, நிப்பாட்டி நிப்பாட்டித்தான் ஓட்டணும்.

டாக்டரு என்ன சொன்னாரு தெரியுமா? ஐயா, ஒங்க ஹார்ட்டு பம்பு முப்பது பர்சென்ட்தான் அடிக்குது, அதனால தெனம் நடக்கணும்னாரு. ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்றாரு சார். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நல்ல ஹார்ட்டே அறுபது சொச்சம்தான் அடிக்கும், நூறு யாருக்குமே கெடையாது, மோட்டாரு ஓட ஓடத் தேயும், ஒடம்பு அப்படியில்ல, பழக்கப் பழக்கத் தெம்பு வரும்னு அவரு பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போனாரு. நல்ல மனுசன், படிச்சவரு. ஆனா வாழ்க்கையில ஒரு மோட்டாரக் கழட்டிப் பாத்திருப்பாரா? தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

எனக்கு எப்படி வந்துச்சுன்னா, ஒரு தோட்டத்துல போர் மோட்டார மேல இழுத்துக்கிட்டு இருக்கோம். பாதிக் குழாய் வெளிய வந்துருச்சு. திடீர்னு மூச்சு இல்ல. வலி கிலி ஒண்ணும் இல்ல சார், மூச்சு மட்டும் இல்ல. பிடரியப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள முக்குனாப்ல இருந்துச்சு. வரப்புல உக்காந்து வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கேன். கூட வந்தவங்க, என்னண்ணே என்னண்ணேன்றாங்க. பதில் சொல்லக் காத்து இல்ல. நீங்க தலைய ஆட்டுறீங்க பாருங்க, ஒங்களுக்குத் தெரியுது. டாக்டருக்கு அது தெரியாதுல்ல.

ஊருக்குள்ள கேஸ் டிரபிள்னு சொல்லிட்டோம். எம் பொண்டாட்டி ராக்குக்கு மட்டுந்தான் விசயம் தெரியும். ஹார்ட்டுன்னு வெளிய தெரிஞ்சா எவன் சார் என்னைக் கெணத்துக்குக் கூப்பிடுவான்? அதோட, ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு. கால் ஒடைஞ்சா கட்டுப் போட்டுக்கிட்டு தெருவுல போகலாம், எல்லாரும் என்னன்னு கேப்பாங்க, நாமளும் சொல்லலாம். இதுல காட்டுறதுக்கு என்ன இருக்கு? பாக்க நல்லாத்தான இருக்கான், ஏன் கெழவன் மாதிரி நடக்கிறான்னுதான் பேசுவாங்க.

அதுலருந்து கவனமா இருக்க ஆரம்பிச்சேன். கட்டிலத் தூக்கிக் குளியலறைக்குப் பக்கத்துல போட்டாச்சு. ராக்குதான் தண்ணி ஊத்தி விடுவா. குனிஞ்சா மூச்சு முட்டுமோன்னு செருப்பக்கூட அவளே மாட்டி விடுவா. கடைக்கு ஆட்டோவுல போயி, ஸ்டூல்ல உக்காந்து வேலை ஏவுறதோட சரி. மொட்டை மாடிக்குப் போயி மாசக் கணக்காச்சு. ராக்கு பக்கத்துல படுக்கிறதையும் விட்டாச்சு. அதப் போயி எப்படிச் சொல்ல. அவளும் ஒரு நாளு தலகாணிய எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா.

நடந்து பாக்காமலும் இல்ல சார். நடக்கணும்னு நெனச்சு வாசப்படிகிட்டப் போயி நிப்பேன். அங்க நிக்கையிலயே நெஞ்சு படபடன்னு அடிக்கும். நடக்க நெனைக்கையிலயே இந்த அடி அடிச்சா, நடந்தா என்னத்துக்கு ஆகும்? சரி, இன்னிக்கு ஒடம்பு ஒத்துக்கிறலன்னு திரும்பி வந்து படுத்துக்கிருவேன். படுத்தா நின்னுரும். அப்ப நான் செஞ்சது சரிதான?

இதுக்கு இடையில தங்கச்சி மக கல்யாணம் வந்துருச்சு.

தங்கச்சி பேரு செல்லத்தாயி. கூடப் பொறந்தது அவ ஒருத்திதான். எழுமலைப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. அவ மக அபிராமிக்குத் தையில கல்யாணம். நான் தாய்மாமன். ஒங்க பக்கம் எப்படின்னு தெரியல, எங்க பக்கம் தாய்மாமன் சீர்தான் கல்யாணத்துக்கே முகம். காளியம்மன் கோயில்ல தட்டெல்லாம் எறக்கி வச்சு, மேளம் வச்சு, வேட்டுப் போட்டு, மாமன் மாலையும் பட்டும் கையில ஏந்தி முன்னால நடந்து வரணும். தங்கச்சி வாசல்ல ஆரத்தியோட நிப்பா. மாமன் போடுற மாலைதான் பொண்ணுக்கு மொத மாலை. அபிராமி பொறந்தப்பவே தாயி சொன்னா, அண்ணே, நீ வர்ற வரத்துல இந்தத் தெருவே அதிரணும்னு. தாயி மாமனார் வீட்டுல எங்கள ஒரு மாதிரி எளப்பமாத்தான் பாப்பாங்க. எங்கப்பா குடிச்சே அழிஞ்சவரு சார். அவ கல்யாணத்துலயே பந்தியில விழுந்து கெடந்தாரு. அன்னிக்கு அவ தலையில கைய வச்சுச் சொன்னேன், நான் இந்தக் கருமத்தத் தொட மாட்டேன்னு. இன்னிக்கு வரைக்கும் தொட்டதில்ல.

கோயில்லருந்து அவ வீடு ஏத்தம். பெரிய ஏத்தம்னு சொல்ல முடியாது, சைக்கிள்ல போறவன் எறங்கித் தள்ளுவான், அம்புட்டுத்தான். எனக்கு ராப்பகலா அந்த ஏத்தந்தான் கண்ணுல நிக்குது. தாயிகிட்டச் சொல்லீறலாம்னு ராக்கு சொன்னா. கல்யாண வீட்டுல போயி எப்படிடி சொல்றது, புள்ள அழுதுறும்னு நான் தடுத்துட்டேன். முட்டு வலின்னு சொல்லிக்கிறலாம்னு முடிவு பண்ணினேன்.

அன்னிக்கு சாயங்காலம் கோயில் முன்னாடி நிக்கிறோம். எங்க ஆளுகளே ஒரு கூட்டம். செண்டை மேளக்காரன் ஒரு தட்டுத் தட்டுனான் பாருங்க, அது நேரா எந்நெஞ்சுலதான் விழுந்துச்சு. முன்னால பாத்தா அந்தத் தெரு. மேல ஏறிக்கிட்டே போகுது. ராக்கு கையில மாலையக் குடுத்துட்டு, முட்டு புடிச்சிருச்சு, நடங்க நடங்க, நான் வண்டியில வாரேன்னுட்டேன். காரு ஒண்ணும் இல்ல. சீர் சாமான் ஏத்துன குட்டியானை வண்டிதான் நிக்குது. முன்னாடி சீட்டுல வீடியோக்காரன் சாமான அடுக்கி வச்சிருக்கான். பின்னாடிதான் எடம். பின்னாடி என்ன இருக்கு? பீரோ இருக்கு, கட்டில் இருக்கு, வாழத்தார் இருக்கு, சீர்க் கிடா ஒண்ணு கட்டிக் கெடக்கு. அதுல ஏறி உக்காந்தேன் சார்.

மேளம் முன்னால போகுது. பொம்பளைக தட்டோட போறாக. வண்டி ஊந்துது. கிடா என் பட்டு வேட்டிய மோந்து பாக்குது. அந்த பீரோவுல ஆளுயரக் கண்ணாடி. அதுக்கு நேரா நான். தெரு முழுக்க என் மூஞ்சிய நானே பாத்துக்கிட்டுப் போனேன் சார். வீட்டு வாசல்ல நின்ன பொம்பளைகளும் பாத்தாங்க.

வாசல்ல வண்டி நின்னுச்சு. தாயி புருசன் பக்கம் ஒரு பெரியாளு, அவரு எப்பவுமே கிண்டல், சத்தமாச் சொன்னாப்ல: "ஏப்பா, சீரெல்லாம் எறக்கியாச்சா? மாமன் ஒண்ணு பாக்கி இருக்கு பாருங்க. ரெண்டு பேரு கை குடுத்து எறக்குங்கப்பா, ஒடைஞ்சு போகாம." எல்லாரும் சிரிச்சாங்க. எறங்குனேன். கால்ல வீக்கம், ஏற்கெனவே ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாம கண்ணு செவந்து கெடக்கு, எறங்குன அவமானத்துல மூச்சு வாங்குது. கீழ கால வச்சதும் தடுமாறிட்டேன். எவனோ பின்னாடி சொல்றான், "மாமனுக்கு சரக்கு கூடிப்போச்சுடா."

தாயி ஆரத்தித் தட்டோட நிக்கிறா. தட்டக் கீழ வச்சுட்டுக் கிட்ட வந்தா. யாருக்கும் கேக்காத மாதிரிக் கேட்டா. "குடிச்சிருக்கியாண்ணே?"

சார், அப்ப ரெண்டு பதில்தான் இருந்துச்சு. இல்லன்னா, பெறகு ஏன் இப்படி வந்தன்னு கேப்பா. அதுக்கு நான் என்ன சொல்ல? இந்தத் தெருவுல நடக்க முடியாம கிடாவோட உக்காந்து வந்தேன்னா? அத்தன பேரு முன்னாடி? நான் ஆமான்னு தலைய ஆட்டிட்டேன்.

தாயி விறுவிறுன்னு போயி, ராக்கு கையிலருந்து மாலைய வாங்கி, எங்க சித்தப்பா மகன் வனராசு கையில குடுத்தா. அவந்தான் அபிராமிக்கு மாலை போட்டான். நான் பந்தலுக்கு வெளிய ஒரு சேர்ல உக்காந்திருந்தேன். அந்தப் புள்ள மேடையிலருந்து கழுத்த எக்கி எக்கித் தேடுச்சு. நான் கூட்டத்துக்குப் பின்னாடி நகண்டுக்கிட்டேன்.

நீங்களே சொல்லுங்க. குடிகாரன்னு பேரு எடுக்கிறது பெருசா, நடக்க முடியாதவன்னு பேரு எடுக்கிறது பெருசா? குடிச்சவன் மறுநாளு தெளிஞ்சிருவான். ஊருல பாதிப் பேரு குடிக்கத்தான் செய்றான். அப்படித்தான் அன்னிக்கு எனக்குத் தோணுச்சு. இப்ப இல்ல. இப்ப நெனச்சா ஒடம்பு கூசுது சார்.

மறுவீட்டுக்குக் கூப்பிடல. போனும் இல்ல. சித்திர வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டு, ராக்கு எனக்குத் தெரியாம பஸ் ஏறிப் போயி எல்லாத்தையும் சொல்லிப்பிட்டா. மறுநாளே தாயி கடைக்கு முன்னாடி வந்து நின்னா. நான் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். உள்ள வரல, வாசல்ல நின்னே சொன்னா: "அண்ணே, நீ குடிச்சதுக்கு நான் அழுது முடிச்சுட்டேன். இதுக்கு இனிமேதான் அழணும்." சொல்லிட்டு அழுகல. என் ரிப்போர்ட்டெல்லாம் வாங்கிப் பைக்குள்ள வச்சுக்கிட்டா. அவளே டாக்டர்கிட்டப் போயி உக்காந்து எல்லாம் கேட்டுட்டு வந்தா. மாத்திர மாதிரித்தான் நடையும், மொதல்ல ஆஸ்பத்திரியில ஆளு பாத்துக்கிட்டிருக்க நடக்கட்டும், பெறகு வீட்டுல நடக்கலாம்னு டாக்டரு சொன்னாராம். அப்படித்தான் சார் இங்க வாரேன். எழுமலையிலருந்து பஸ் ஏறி வந்து, என்னையும் கூட்டிக்கிட்டு வந்து, கூட வர்றவங்கள உள்ள விட மாட்டாங்கன்னு வெளிய அந்தத் தகரக் கொட்டாயில உக்காந்திருப்பா. இப்பவும் அங்கதான் இருக்கா.

இல்ல பாப்பா, அவரு போகட்டும்னுதான சொன்னேன். மெசினுல இருக்கிறவருக்கு இன்னும் முடியலையா? சரி.

இனிமே சொல்றத கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்க. சத்தமாச் சொல்ற மாதிரி இல்ல.

நான் இதுவரைக்கும் அந்த மெசினுல ஏறுனதே இல்ல சார். ஒரு நாளு முட்டு வலின்னேன். ஒரு நாளு தல சுத்துதுன்னேன். பிசியோ பாப்பா தங்கமான புள்ள, பிரசர் பாப்பா, எல்லாம் சரியா இருக்கேய்யாம்பா, உக்காந்தபடியே கைய மட்டும் தூக்கிப் பழகுங்கம்பா. கூட்டம் வந்துரும். நான் இப்படி ஓரமா வந்து உக்காந்துக்கிருவேன். புதுசா வர்றவுகளுக்கு தைரியம் சொல்லுவேன். நல்லாச் சொல்லுவேன் சார், கேட்டுப் பாருங்க. போகையில அந்தக் கை கழுவுற குழாய்ல தண்ணியப் பிடிச்சுக் கழுத்துலயும் முதுகுலயும் நனைச்சுக்கிட்டுத்தான் வெளிய போவேன்.

அவ எந்திரிச்சு ஓடியாருவா. முந்தானையால தொடச்சு விடுவா. பக்கத்துல இருக்கிற பொம்பளைககிட்ட, "எங்கண்ணன் வேர்க்க வேர்க்க நடக்கிறாரு, பாருங்க சட்டைய"ம்பா. குழாத் தண்ணி சார் அது. குளுந்து கெடக்கும். அவளுக்கு அது தெரியல. தெரியலையா, தெரிஞ்சுதான் தொடைக்கிறாளான்னு சமயத்துல எனக்கு சந்தேகம் வரும். அப்படி இருக்காது. அவ வெள்ளந்தி.

இதுல இன்னொரு கூத்து. அபிராமி முழுகாம இருக்கு. ஆவணியில வளைகாப்பு, தாயி வீட்டுலயே வைக்கிறாங்க. தாயி, அவ புருசன் வீட்டாளுக அத்தன பேருகிட்டயும் சொல்லிட்டா. எங்கண்ணன் குடிக்கல, நெஞ்சுல சீக்கு, அதுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டிருக்காரு, வளையல் தட்ட ஏந்திக் காளியம்மன் கோயில்லருந்து எங்கண்ணன் நடந்தே வருவாரு, வந்து பாருங்கன்னு. சவால் விட்டுட்டு வந்திருக்கா. அந்தப் பெரியாளு, குட்டியானைய நான் அன்னிக்கு வேற வேலைக்கு அனுப்பிர்றேன்னாராம். நடக்கணும்னு நான் இன்னும் எங்க வீட்டு வாசப்படியத் தாண்டல சார். ஆவணி வந்தா மறுபடியும் அந்தத் தெரு. மறுபடியும் நான் என்னத்துல ஏற?

அதுக்கும் மேல, இன்னிக்குக் காலையில பஸ்ஸுல வரையில சொல்றா, "அண்ணே, நான் அந்தப் பாப்பாகிட்டக் கேட்டுட்டேன், இன்னிக்கு என்னை உள்ள விடுறேன்னுச்சு"ன்னு. அதான் சார் நான் ஒங்ககிட்ட இம்புட்டும் பேசிக்கிட்டிருக்கேன். ஒரே ஒரு ஒதவி. பாக்க வாத்தியார் மாதிரி இருக்கீங்க, நீங்க சொன்னா நம்புவா. இப்பத்தான் எறங்குனாரு, நல்லா நடந்தாரு, நான் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் அதுக்குள்ள குழாய்ப் பக்கம் போயிட்டு...

ஐயோ, வந்துட்டா.

வா தாயி. இந்த சாரு புதுசா வந்திருக்காரு, பேசிக்கிட்டிருந்தோம். என்னது கையில, போனு? வீடியோவா? நான் நடக்கிறதயா? அபிராமிக்கு அனுப்பவா? அது கேட்டுச்சா? மாமா நடக்கிறதப் பாக்கணும்னு அதுவா கேட்டுச்சு?

பாப்பா, நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. இருக்கட்டும். நீ எனக்காகப் பொய் சொல்ல வேணாம். சார், நீங்களும் வேணாம்.

தாயி, அந்த போனக் கீழ வையி. வையி தாயி. நான் சொல்றத எம் மூஞ்சியப் பாக்காமக் கேளு. சட்டையில இருந்தது வேர்வ இல்ல. குழாத் தண்ணி. நான் ஒரு நாளும் நடக்கல. முட்டு வலியும் இல்ல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. முட்டு நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு தாயி. மூச்சு நின்னுருமோன்னு பயமா இருக்கு. நடக்கணும்னு வாசப்படியத் தாண்டவே பயமா இருக்கு. ஒன் தெருவப் பாத்துப் பயந்துதான் வண்டியில ஏறுனேன். வேற ஒண்ணுமே இல்ல, வெறும் பயம்.

எல்லாரும் பாக்கிறாங்க தாயி. சரி, பாக்கட்டும். அழுகாத. இல்ல, அழுது முடிச்சுக்க, நான் நிக்கிறேன்.

மெசினு வேணாம் பாப்பா இன்னிக்கு. அந்தச் செவுரு வரைக்கும் போயிட்டு வாரேன், போதுமா? விரல்ல அந்தக் கிளிப்ப மாட்டி விடு. நெஞ்சு இப்பவே படபடங்குது, பரவால்லையா? பயத்துலயும் அடிக்குமா? சரி, நீ கூடவே வா. தாயி, கையக் குடு. இறுக்கிப் பிடி.

ஏன் தாயி ஒன் கையி இப்படிச் சில்லுனு இருக்கு? ஒனக்குமா?

சரி, பைய வா. சார், கொஞ்சம் கால மடக்கிக்கங்க. நாங்க போகணும்.